தலைமக்களை வளர்த்த தளபதி

படைமாட்சி என்னும் அதிகாரத்தை வள்ளுவப் பெருந்தகை முடித்து வைக்கும் இடம் என்னை நெடுநாள் சிந்திக்க வைத்த இடமாகும். நிலைத்து நின்று போரிடும் வீரர் எத்தனை பேர் இருந்தாலும், தலைமை தாங்குவோர் இல்லாவிட்டால் அது படையாகாது என்பது அக்குறளின் கருத்து. திறமையான ஒரு சேனாபதி வேண்டும் என்று சொல்வதாகவே பலரும் இதற்குப் பொருள் கொள்வர். ஆனால் வள்ளுவர் அங்கே தலைமகன் என்று ஒருமையில் சொல்லவில்லை. தலைமக்கள் என்று பன்மையில் சொல்கிறார். ஆயிரம் பேருக்கு ஒருவர், நூறு பேருக்கு ஒருவர், பத்துப் பேருக்கு ஒருவர் எனத் தலைவர்கள் அடுக்கடுக்காக அமைந்தால்தான் படை நிற்கும் என்று அதனை விரித்துப் பார்க்க எனக்குப் பிடிக்கும்.

அப்படியானால் அந்தப் பத்துப் பேருக்கு ஒருவரை எங்கே போய்த் தேடுவது? உயர்குடிப் பிறப்பு அவரைத் தருமா? பணம் தருமா? சவுக்கு தருமா? இந்தக் கேள்விக்குத் தம் வாழ்நாளையே விடையாக்கியவர் என்று நான் கருதுபவர் சர் ஜான் மூர். 1761-இல் பிறந்து 1809-இல் போர்க்களத்தில் மாண்ட ஸ்காட்லாந்து நாட்டவர். ஆங்கில இலக்கியம் பயிலும் நண்பர்களுக்கு இப்பெயர் புதிதன்று. சார்லஸ் உல்ஃப் என்னும் ஐரிஷ் பாதிரியார் எழுதி 1817-இல் வெளிவந்த கையறுநிலைப் பாடல் இவருடைய அடக்கத்தைப் பற்றியதே. ‘கோல்டன் டிரஷரி’ என்ற புகழ்பெற்ற தொகுப்பில் இடம்பெற்றதால் அப்பாடல் உலகெங்கும் பரவியது. ஆகவே மூர் எப்படிப் புதைக்கப்பட்டார் என்பதைப் பலர் அறிவர். அவர் எப்படி வாழ்ந்தார் என்பதை அறிந்தோர் சிலரே.

நம்மை அடிமைகொண்ட நாட்டின் தளபதிக்கு நம் கல்லூரி மலரில் இடம் எதற்கு என்று சிலர் கேட்கக்கூடும். நியாயமான கேள்விதான். மூர் வளர்த்த 52-ஆம் ரெஜிமெண்ட் அவரிடம் வருவதற்கு முன் 1783 முதல் 1798 வரை நம் தென்னகத்தில்தான் போரிட்டது. மைசூர்ப் போர்களிலும், 1793-இல் புதுச்சேரி முற்றுகையிலும், பின்னர் இலங்கையிலும் அது ஈடுபட்டது. மூரிடம் பயின்ற சார்லஸ் நேப்பியர்தான் 1843-இல் சிந்து நாட்டைப் பிடித்தவர். (சென்னையில் கூவத்தின் மீதுள்ள நேப்பியர் பாலம் இவர் பெயரால் வந்ததன்று, அது பின்னால் சென்னை ஆளுநராக இருந்த வேறொரு நேப்பியரின் பெயர்.) இவற்றை மறைத்துவிட்டு மூரைப் புகழ நான் விரும்பவில்லை. எனினும் நம்மை வென்றவன் எதனால் வென்றான் என்று கேட்பதும் வரலாற்று மாணவனின் கடமையே அன்றோ?

பிறப்பும் இளமையும்

மூர் 1761 நவம்பர் 13-இல் கிளாஸ்கோ நகரில் பிறந்தார். தந்தையார் டாக்டர் ஜான் மூர் மருத்துவர், நாவலாசிரியரும் கூட. அவர் இளம் ஹாமில்டன் பிரபுவுக்குப் பாதுகாவலராக ஐரோப்பாவைச் சுற்றிவரப் புறப்பட்டபோது தம் மகனையும் உடன் அழைத்துச் சென்றார். பள்ளிக்கூடத்தில் இருக்க வேண்டிய வயதில் ஜெனீவாவையும் ஜெர்மானிய நாடுகளையும் கண்டான் அந்தச் சிறுவன். பிரெஞ்சு மொழியைச் சரளமாகக் கற்றான். பிரஷ்யாவில் மாமன்னர் ஃபிரடெரிக்கின் படைகளையும் கண்டான். அன்று ஐரோப்பா முழுவதும் வியந்து பார்த்த படை அது. ஆயிரம் கால்கள் ஒரே கணத்தில் எழும். ஒரே கணத்தில் விழும். அந்த ஒழுங்கின் அடியில் இருந்தது பிரம்பு. சிப்பாய் எதிரியை விடத் தன் மேலதிகாரிக்கு அதிகமாக அஞ்ச வேண்டும் என்பதே அங்குக் கடைப்பிடிக்கப்பட்ட கொள்கை.

1776-இல், பதினான்கு வயதில், 51-ஆம் ரெஜிமெண்டில் கடைநிலை அதிகாரியானார். இதில் ஹாமில்டன் குடும்பத்தாரைப் போன்ற பெரிய இடத்துச் செல்வாக்கு உதவியது என்பதைச் சொல்லித்தான் ஆக வேண்டும். பிற்காலத்தில் தகுதியை மட்டுமே பார்த்த மூர், தாம் ஏறிய முதற்படியைத் தகுதியால் மட்டும் ஏறவில்லை.

ஆனால் தகுதி இருந்தது என்பது விரைவிலேயே தெரிந்தது. அமெரிக்க விடுதலைப் போரின்போது, 1779 ஜூலையில் பெனாப்ஸ்காட் என்னுமிடத்தில் அமெரிக்கர்கள் கடற்கரையில் வந்திறங்கினார்கள். அவர்களைத் தடுக்க நின்ற ஆங்கிலப் படையில் பெரும்பாலோர் போரையே கண்டிராத புதியவர்கள். அவர்கள் பின்வாங்கிவிட்டனர். பதினேழு வயது லெப்டினன்ட் மூர் மட்டும் சுமார் இருபது பேருடன் தம் இடத்தைவிட்டு நகராமல் நின்று சுட்டார். அந்த இருபது பேரும் வானத்திலிருந்து குதித்தவர்கள் அல்லர். ஓடியவர்களைப் போன்ற அதே புதியவர்கள்தாம். அவர்கள் நின்றதற்குக் காரணம் அருகில் ஒருவன் நின்றதே. மூரின் வாழ்க்கையைப் புரிந்துகொள்ள இந்த ஒரு நிகழ்ச்சியே போதும் என்று எனக்குத் தோன்றுகிறது.

அமெரிக்கப் போருக்குப் பின் சில ஆண்டுகள் நாடாளுமன்ற உறுப்பினராகவும் இருந்தார். 1790-இல் 51-ஆம் ரெஜிமெண்டின் தலைமை அவருக்குக் கிடைத்தது. 1794-இல் கார்சிகாத் தீவில் கால்வி முற்றுகையில் காயமுற்றார். அதே முற்றுகையில்தான் கடற்படை வீரர் நெல்சன் ஒரு கண்ணின் பார்வையை இழந்தார். 1796-இல் மேற்கிந்தியத் தீவுகளில் செயின்ட் லூசியா. அங்கு அவர் எதிர்த்துப் போரிட்டது பிரெஞ்சுப் புரட்சியால் விடுதலை பெற்றிருந்த கறுப்பின மக்களை, பெருமைப்பட ஒன்றுமில்லை. அங்கே துப்பாக்கியைவிடக் காய்ச்சலே மிகுதியாகக் கொன்றது. தம் வீரர்களின் உணவையும் உடல் நலத்தையும் கவனியாத அதிகாரிகளைக் கண்டு மூர் மனம் கசந்தார்.

1799-இல் ஹாலந்துப் போரில் படுகாயமுற்று விழுந்த அவரை ஹைலாண்டர் படையைச் சேர்ந்த இரண்டு சிப்பாய்கள் தூக்கி வந்தனர். பிழைத்தெழுந்த பின் அவ்விருவருக்கும் இருபது பவுன் பரிசு என்று அறிவித்தார் மூர். யாரும் வந்து பெற்றுக்கொள்ளவில்லை. 1804-இல் அவருக்குச் சர் பட்டம் கிடைத்தபோது, தம் குலச் சின்னத்தைத் தாங்கி நிற்பவனாக ஒரு ஹைலாண்டர் சிப்பாயின் உருவத்தைப் பொறிக்கச் செய்தார். பிரபுக்கள் சிங்கத்தையும் குதிரையையும் பொறித்துக்கொண்ட காலம் அது!

விலைக்கு வாங்கிய பதவிகள்

மூர் செய்த வேலையின் அருமை தெரிய வேண்டுமானால் அன்றைய ஆங்கிலப் படை எப்படி இருந்தது என்பது தெரிய வேண்டும். காலாட்படையில் அதிகாரிப் பதவிகள் பெரும்பாலும் விலைக்கு விற்கப்பட்டன. கடைநிலைப் பதவிக்குச் சுமார் 400 பவுன். காப்டன் பதவிக்கு 1,500 பவுன். லெப்டினன்ட் கர்னலுக்கு 3,500 பவுன். பணமுள்ள இளைஞன் அனுபவமுள்ள ஏழை அதிகாரியைத் தாண்டிச் சென்றுவிடுவான். இந்த வழக்கம் 1871-இல்தான் ஒழிந்தது. கீழே சிப்பாய்களோ ஊரில் வேலையற்றவர்கள், கடன்காரர்கள், குடித்துவிட்டுப் பெயர் கொடுத்தவர்கள். மேலே பணம், கீழே பசி. இரண்டையும் இணைத்து வைத்தது சவுக்கு. குற்றவாளிக்கு நூற்றுக்கணக்கில் அடிகள். ஆயிரம் அடி வரை தீர்ப்பளித்த நீதிமன்றங்களும் உண்டு.

இதற்கு இடையில் நின்றவர்கள் சார்ஜண்டுகளும் கார்ப்பொரல்களும். அவர்களுக்கு யோசிக்கும் வேலை இல்லை. வரிசை நேராக நிற்கிறதா என்று பார்ப்பதும், ஓடுகிறவனைத் தடுப்பதுமே அவர்கள் பணி. தோளோடு தோள் ஒட்டி இரண்டு வரிசையாக நின்று, ஒரே குரலுக்குச் சுடும் போர்முறைக்கு அது போதுமானதாக இருந்தது.

போதாத காலமும் வந்தது. புரட்சிக்குப் பின் பிரெஞ்சுக்காரர்கள் தங்கள் பெரும்படைக்கு முன்னால் சிறுசிறு கூட்டங்களாக வீரர்களைச் சிதறவிட்டார்கள். அவர்கள் மரத்துக்குப் பின்னும் வேலிக்குப் பின்னும் பதுங்கி, நேராக நிற்கும் வரிசையைக் குறிபார்த்துச் சுட்டார்கள். இவர்களை எதிர்கொள்ள அதேபோலச் சிதறிப் போரிடும் இலகு காலாட்படை தேவைப்பட்டது. இங்கேதான் சிக்கல். வீரர்கள் சிதறிவிட்டால் காப்டனின் குரல் எட்டாது. இருபது அடி தள்ளி ஒரு மரத்தின் பின்னால் இருப்பவனை அடித்துச் சுட வைக்க எந்தப் பிரம்புக்கும் நீளம் இல்லை. அவனே யோசிக்க வேண்டும்; அல்லது அவனருகில் இருக்கும் கார்ப்பொரல் யோசிக்க வேண்டும்.

ஷார்ன்கிளிஃப் பாசறை

1803-இல் நெப்போலியன் இங்கிலாந்தின்மீது படையெடுக்கக் கால்வாய்க்கு அப்பால் புலோன் துறையில் பெருஞ்சேனையைத் திரட்டிக்கொண்டிருந்தார். இப்பால், கென்ட் மாவட்டக் கடற்கரை மேட்டில் ஷார்ன்கிளிஃப் என்னுமிடத்தில் ஒரு படைப்பிரிவு மூரின் பொறுப்பில் விடப்பட்டது. அதில் முக்கியமானவை 43, 52, 95 ஆகிய மூன்று ரெஜிமெண்டுகள். 95 என்பது பச்சை உடை அணிந்த ரைஃபிள் படை.

எல்லாவற்றையும் மூரே கண்டுபிடித்தார் என்று சொல்வது தவறு. 95-ஆம் படையைத் தோற்றுவித்து அதற்கு விதிகள் வகுத்தவர்கள் கூட் மானிங்காமும் வில்லியம் ஸ்டூவர்ட்டும். 52-இல் அன்றாடக் கவாத்தைச் சீர்படுத்தியவர் கென்னத் மெக்கன்சி. மூரின் பெருமை, இவர்களைத் தடுக்காமல் விட்டதிலும், இவர்கள் செய்ததைப் பொது வழக்கமாக்கியதிலும், தம் முன்மாதிரியால் அதற்கு உயிர் கொடுத்ததிலும் இருக்கிறது. கீழுள்ளவன் நன்றாகச் செய்த வேலையைத் தன் பெயரில் எழுதிக்கொள்ளாதிருப்பது மேலுள்ளவனுக்கு எளிதன்று.

அப்பாசறையின் நடைமுறைகளில் என்னைக் கவர்ந்த முதற்செய்தி இது. புதிதாக வரும் இளம் அதிகாரி, அவன் எந்தப் பிரபுவின் மகனானாலும், புதுச் சிப்பாய்களோடு வரிசையில் நின்று கவாத்துப் பழக வேண்டும். சிப்பாய் செய்வதைத் தானும் செய்யக் கற்ற பின்னரே அவன் கட்டளையிடலாம். துப்பாக்கியைத் துடைக்கத் தெரியாதவன் துடைக்காதவனை எப்படிக் கண்டிப்பான்?

அடுத்தது பொறுப்பைப் பகிர்ந்தளித்த முறை. ஒரு ரெஜிமெண்ட் முழுவதையும் மைதானத்தில் நிறுத்தி ஒருவர் கத்துவதை விடுத்து, ஒவ்வொரு கம்பெனிக்கும் பயிற்சி அளிப்பது அக்கம்பெனியின் காப்டனுடைய பொறுப்பாயிற்று. 95-ஆம் படையின் விதிகள் இன்னும் கீழே இறங்கின. கம்பெனி இரண்டு பாதியாகும். ஒவ்வொரு பாதியும் இரண்டு சிறு குழுக்களாகும். குழுவுக்கு ஒரு சார்ஜண்ட் அல்லது கார்ப்பொரல். கார்ப்பொரல் இல்லாத வேளையில் பொறுப்பேற்க ஒரு சிப்பாய் முன்கூட்டியே தேர்ந்தெடுக்கப்பட்டிருப்பான். தேர்ந்தெடுக்கப்பட்டவன் என்பதே அவனுடைய பதவிப் பெயர். குழுக்களைக் கலைத்து மாற்றக்கூடாது. அதற்கும் கீழே ஒவ்வொரு வீரனும் தனக்கு ஒரு தோழனைத் தானே தேர்ந்துகொள்வான். இருவரும் ஓரிடத்தில் படுப்பர். ஒரே வேலைக்குச் செல்வர். களத்தில் ஒருவன் மருந்து கெட்டிக்கும்போது மற்றவன் துப்பாக்கியைச் சுடத் தயாராக வைத்திருப்பான். காப்டனின் அனுமதியின்றி அந்தத் தோழமையை மாற்றிக்கொள்ள முடியாது. எத்தனை நுட்பமான ஏற்பாடு பாருங்கள்! படையில் மிகக் கீழே உள்ளவனும் இன்னொருவனுக்குப் பொறுப்பாளியாகிவிடுகிறான்.

மூன்றாவது, கல்வி. 95-இல் சிப்பாய்களுக்குப் பள்ளி நடந்தது. எழுதப் படிக்கத் தெரியாதவன் நாளை சார்ஜண்ட் ஆக முடியாது அல்லவா? நன்னடத்தைக்குப் பதக்கம் வழங்கப்பட்டது. குறிபார்த்துச் சுடுவதில் தேர்ந்தவனுக்குத் தனி அடையாளம். மானிங்காம் 1803-இல் அதிகாரிகளுக்கே வகுப்பு எடுத்தார்.

சவுக்கு முற்றிலும் ஒழிந்துவிடவில்லை, அரிதாயிற்று. குற்றம் நடந்த பின் தண்டிப்பதைவிட நடவாமல் தடுப்பதே அதிகாரியின் வேலை என்பது மூரின் கொள்கை. ஒரு கம்பெனியில் அடி மிகுந்தால் அங்குள்ள சிப்பாய்களைவிட அதிகாரியைப் பற்றியே அவர் ஐயுற்றார். தம் ஆட்களின் பெயரும் குணமும் தெரிந்த காப்டனுக்கு, யார் இன்று குடிக்கப் போகிறான் என்பது முன்னமே தெரிந்துவிடும் என்பது இதன் உட்பொருள்.

நான் தேசிய மாணவர் படையில் மூன்று ஆண்டுகளாக இருக்கிறேன். ஆண்டு முகாம் ஒன்றில் பத்துப் பேருக்குக் கார்ப்பொரலாக இருந்தேன். ஒருநாள் ஏரிக்கரையை அடுத்த கருவேலங்காட்டில் களப்பயிற்சி. உத்தரவு வரும் வரை யாரும் அசையக்கூடாது என்று சொல்லி அனுப்பினார் எங்களுக்குப் பயிற்சியளித்தவர். காற்று எதிர்த்திசையில் அடித்ததால் அவருடைய விசில் எங்களுக்குக் கேட்கவே இல்லை. முள்ளுக்குள் முக்கால் மணி நேரம் படுத்துக் கிடந்தோம். பயிற்சி முடிந்து மற்றவர்கள் சாப்பிடப் போய்விட்டிருந்தார்கள். மறுநாள் வந்தவர் வேறொருவர். அவர் செக்‌ஷன் தலைவர்களை மட்டும் தனியே அழைத்து, தரையில் குச்சியால் ஏரியையும் மேட்டையும் வரைந்து, எந்த மேட்டை எதற்காகப் பிடிக்க வேண்டும் என்று சொன்னார். அன்றும் விசில் கேட்கவில்லை. ஆனால் விசில் தேவைப்படவும் இல்லை. ஷார்ன்கிளிஃபைப் பற்றிப் படித்தபோது இந்த இரண்டு நாட்களும் என் நினைவுக்கு வந்தன.

அங்கு உருவானவர்களின் பட்டியல் நீண்டது. நேப்பியர் சகோதரர்கள் மூவரும் மூரைத் தந்தையைப் போல் மதித்தவர்கள். சார்லஸைப் பற்றி முன்பே சொன்னேன். ஜார்ஜ் 52-இல் பணியாற்றினார். 1812-இல் ஸ்பெயினில் கோட்டைச் சுவரின் பிளவில் தம் வீரர்களுக்கு முன்னே ஏறி வலக்கையை இழந்தார். வில்லியம் 43-இல் இருந்தவர்; பின்னாளில் அப்போரின் வரலாற்றை ஆறு தொகுதிகளாக எழுதி, இறந்துபோன தம் ஆசானுக்காக வாதாடினார்.

வாதாட வேண்டிய தேவை என்ன? அதைத்தான் இனிச் சொல்ல வேண்டும்.

ஸ்பெயினில் நேர்ந்த சோதனை

1808-இல் போர்ச்சுகலில் இருந்த ஆங்கிலப் படைக்கு மூர் தலைமை ஏற்றார். ஸ்பானியப் படைகள் ஒவ்வொன்றாக முறியடிக்கப்பட்டன, மாட்ரிட் வீழ்ந்தது. நெப்போலியனே பெருஞ்சேனையுடன் வந்திருந்தார். மூர் துணிந்து வடக்கே முன்னேறி, நெப்போலியனின் போக்குவரத்துப் பாதையை அச்சுறுத்தினார். நெப்போலியன் தம் சேனையை அவர்மீது திருப்பவே, கடற்கரையை நோக்கிப் பின்வாங்குவதைத் தவிர வேறு வழியில்லை. கிறிஸ்துமஸ் நாளையொட்டித் தொடங்கிய அந்தப் பின்வாங்கல், பனி மூடிய கலீசிய மலைகளின் வழியே சுமார் 250 மைல் நீண்டு, 1809 ஜனவரி 11-இல் கொருண்ணாத் துறைமுகத்தில் முடிந்தது.

அப்பயணத்தில் படையின் பெரும்பகுதி சிதைந்தது. செருப்பு இல்லை, உணவு இல்லை, போரிடாமல் ஏன் ஓடுகிறோம் என்று சிப்பாய்களுக்கு விளங்கவும் இல்லை. பெம்பிப்ரே என்ற ஊரில் மது நிலவறைகளை உடைத்துக் குடித்து, நூற்றுக்கணக்கானோர் தெருவிலேயே கிடந்தனர். பின்தொடர்ந்து வந்த பிரெஞ்சுக் குதிரைப்படை அவர்களை வெட்டிச் சாய்த்தது. கடற்கரையை அடைவதற்குள் ஏறத்தாழ 5,000 பேரைப் படை இழந்துவிட்டது. மூர் வெளியிட்ட பொது உத்தரவுகளில் கடுஞ்சினம் தெரிகிறது. ஆனால் அச்சினம் சிப்பாய்களைவிட அதிகாரிகள் மீதே பாய்ந்தது. சிப்பாய் கெட்டதற்கு அவனைக் கவனியாத அதிகாரியே பொறுப்பு என்ற தம் பழைய கொள்கையை அந்தப் பனியிலும் அவர் கைவிடவில்லை.

எல்லோருக்கும் பின்னால், நாள்தோறும் எதிரியோடு போரிட்டுக்கொண்டே வந்தது எட்வர்ட் பேஜட்டின் ரிசர்வ் பிரிவு. 52-இன் முதல் பட்டாலியனும் 95-இன் முதல் பட்டாலியனும் அதில்தான் இருந்தன. மிகுதியாகப் போரிட்ட அப்பிரிவே வழியில் மிகக் குறைவாக ஆட்களை இழந்த பிரிவு. ஷார்ன்கிளிஃபின் வெற்றி இதுவே என்று பலர் எழுதுவர். நானும் அப்படியே எழுதி முடித்திருப்பேன், இன்னொரு செய்தி கண்ணில் படாதிருந்தால்.

ஜனவரி 3-ஆம் நாள் காக்காபெலோஸ் என்ற ஊருக்கு அருகே பேஜட் தம் பிரிவைச் சதுரமாக நிறுத்திக் கொள்ளையடித்தவர்களுக்குச் சவுக்கடி கொடுத்துக்கொண்டிருந்தார். இருவரைத் தூக்கிலிடவும் கயிறு தயாராக இருந்தது. எதிரி நெருங்கிவிட்டான் என்ற செய்தி வந்தது. இவ்விருவரையும் மன்னித்தால் இனி ஒழுங்காக நடப்பீர்களா என்று வீரர்களை நோக்கிக் கேட்டார் பேஜட். நடப்போம் என்று அவர்கள் முழங்கினர். கயிறு அவிழ்க்கப்பட்டது. அடுத்த சில நிமிடங்களில் அதே வீரர்கள் திரும்பி நின்று பிரெஞ்சுக் குதிரைப்படையை முறியடித்தார்கள்.

ஆக, மூரின் பிள்ளைகளும் கொள்ளையடித்தார்கள். அவர்களுக்கும் சவுக்கு தேவைப்பட்டது. இதை மறைத்து எழுதுவோர் மூருக்கு நன்மை செய்வதாக எண்ணுகிறார்கள். என் கருத்து வேறு. நல்ல பயிற்சி மனிதனைத் தேவனாக்குவதில்லை. தவறிய பின்னும் அவனை அழைத்தால் திரும்பி வரச் செய்கிறது. அழைப்பதற்கு அவனுக்குத் தெரிந்த ஒரு குரல் பக்கத்தில் இருக்கிறது. பெம்பிப்ரேயில் கிடந்தவர்களை அழைக்க அப்படி ஒரு குரல் இல்லை. மூர் ஒரு பாசறையில் சில ஆண்டுகள் செய்த வேலையை மொத்தப் படைக்கும் செய்ய அவருக்குக் காலம் கிடைக்கவில்லை என்பதே ஸ்பெயினில் நேர்ந்த துயரம்.

இறுதி நாள்

1809 ஜனவரி 16. கப்பல்கள் வந்து சேர்ந்து படை ஏறத் தொடங்கிய வேளையில் மார்ஷல் சூல்ட் தாக்கினார். மூரிடம் எஞ்சியிருந்தவர்கள் ஏறத்தாழ 15,000 பேர். அதுவரை தள்ளாடி வந்த படை, திரும்பி நின்று போரிடக் கிடைத்ததும் புத்துயிர் பெற்றது. அவருக்கு அடுத்த நிலையில் இருந்த சர் டேவிட் பேர்டின் இடக்கை அன்று குண்டால் சிதைந்தது. இந்தப் பேர்டை நம் நாட்டார் அறிவர். 1780-இல் நம் காஞ்சிபுரத்தை அடுத்த புள்ளலூர்ப் போரில் ஹைதர் அலியின் படையிடம் சிறைப்பட்டு, ஸ்ரீரங்கப்பட்டணத்தில் ஏறத்தாழ நான்கு ஆண்டுகள் விலங்குடன் கிடந்தவர் அவர்தான்.

எல்வீனா என்ற சிற்றூருக்காகக் கடும் போர். 50-ஆம் ரெஜிமெண்டை அங்கு நடத்திச் சென்றவர்கள் சார்லஸ் நேப்பியரும் ஸ்டான்ஹோப் என்ற மற்றொரு மேஜரும். அவ்விரு இளைஞர்களையும் மூர் உரக்கப் பாராட்டினார். சற்று நேரத்தில் ஸ்டான்ஹோப் மாண்டார். நேப்பியர் பல காயங்களுடன் சிறைப்பட்டார். மூரையும் ஒரு பீரங்கிக் குண்டு இடத்தோளில் தாக்கிக் குதிரையிலிருந்து வீழ்த்தியது. வீரர்கள் அவரை ஒரு போர்வையில் கிடத்தி மெதுவாக நகருக்குத் தூக்கிச் சென்றனர். இடுப்பிலிருந்த வாளின் பிடி காயத்தில் உறுத்தியது. அவிழ்க்க முயன்ற இளம் அதிகாரியைத் தடுத்து, வாளும் தம்மோடு களத்தை விட்டு வரட்டும் என்றார்.

அன்றிரவு அவர் உயிர் பிரிந்தது. அதற்கு முந்தைய சில மணி நேரம் நினைவு தெளிவாக இருந்தது. பிரெஞ்சுக்காரர் தோற்றார்களா என்று கேட்டு, ஆம் என்று அறிந்து மகிழ்ந்தார். தம் துணை அதிகாரிகள் ஒவ்வொருவரின் பெயரையும் சொல்லி அவர்கள் நலமா என்று விசாரித்தார். பின்னர், பேச்சே வேதனையாயிருந்த அந்நிலையில், தம் நண்பர் கர்னல் ஆண்டர்சனிடம் ஒரு வேலையை ஒப்படைத்தார். லண்டனில் படைச் செயலாளரைச் சென்று கண்டு, மேஜர் கோல்பர்னுக்கு லெப்டினன்ட் கர்னல் பதவி தர வேண்டும், அது தம் வேண்டுகோள் என்று சொல்ல வேண்டும். கோல்பர்ன் அதற்கு முற்றும் தகுதியானவர்.

மறுநாள் விடியற்காலையில் நகரின் கோட்டைச் சுவரருகே அவரைப் புதைத்தனர். பாடலில் வருவது போல நள்ளிரவில் அன்று.

ஜான் கோல்பர்ன் ஷார்ன்கிளிஃபில் பயின்றவர் அல்லர். சிசிலியில் மூரிடம் செயலாளராகச் சேர்ந்தவர். ஒரு பதவியைக் கூட விலை கொடுத்து வாங்காமல் படிப்படியாக உயர்ந்தவர். ஆண்டர்சன் சொன்னபடியே செய்தார். கோல்பர்னுக்கு 1809-லேயே பதவி கிடைத்தது. 1811-இல் அவர் 52-ஆம் ரெஜிமெண்டுக்கு வந்து சேர்ந்தார்.

1815 ஜூன் 18, வாட்டர்லூ. மாலையில் நெப்போலியன் தம் கடைசித் துருப்பான பேரரசுக் காவற்படையை ஏவினார். அது மேட்டை நோக்கி ஏறி வருவதை 52-இன் தலைவராக நின்று கண்டார் கோல்பர்ன். மேலிருந்து எந்த உத்தரவும் வரவில்லை. அவர் தாமாகவே தம் ரெஜிமெண்டை வரிசையிலிருந்து முன்னே நகர்த்தி, இடப்புறமாகத் திருப்பி, அந்தப் பெரும்படையின் விலாவுக்கு எதிரே நிறுத்தினார். அவருடைய மேலதிகாரி ஜெனரல் ஆடம் குதிரையில் விரைந்து வந்து என்ன செய்யப் போகிறீர்கள் என்று கேட்டார். அந்தப் படை நம் துப்பாக்கிச் சூட்டை உணரும்படி செய்யப் போகிறேன் என்று விடையளித்தார் கோல்பர்ன். ஆடம் தடுக்கவில்லை, முன்னேறச் சொன்னார். காவற்படை உடைந்தது. அதை உடைத்த பெருமை யாருடையது என்று வரலாற்றாசிரியர்கள் இன்றும் வாதிட்டுக்கொண்டிருக்கிறார்கள். அன்று மூர் மறைந்து ஆறாண்டுகள் ஆகியிருந்தன.